அடுத்தவர் பலவீனம்

தென்னாப்பிரிக்காவில் வெள்ளையரும் கறுப்பரும் ஒப்புரவாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ருவாண்டாவில் கொன்றவனும் கொல்லப்பட்டவனின் தாயும் ஒரே ஜெபக்கூட்டத்தில் முழங்காலிட்டார்கள் என்று யாராவது சாட்சி சொன்னால் கண் கலங்கிவிடும். பெல்பாஸ்ட் நகரில் கத்தோலிக்கர் தெருவுக்கும் புராட்டஸ்டண்ட் தெருவுக்கும் நடுவே இன்னும் நிற்கிற சுவர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னாலும் பேசுவேன். பேசியிருக்கிறேன். ஊர் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு கெட்டியானது என் கிறிஸ்தவம். தாமிரபரணிப் பாலம் தாண்டி உள்ளே வரவர இளக ஆரம்பிக்கும். சொந்தத் தெருவுக்குள் நுழையும்போது கையில் ஒட்டுவதற்குக்கூட மிஞ்சாது.

நான் குருவானவர் அல்ல. வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். சேகரத்தில் குருவானவர் வெளியூர் போகிற ஞாயிறுகளில் பிரசங்க பீடம் ஏறுவேன். ஜெபத்தைப் பற்றியோ தசமபாகத்தைப் பற்றியோ பேசவேண்டுமென்றால் வேறு ஆளைத் தேடுவார்கள். ஒற்றுமை, ஒப்புரவு, சமாதானம் என்று தலைப்பு வந்தால் நான்தான். இந்த நியமனம் எப்படி ஏற்பட்டது என்று என் மனைவிக்கு இன்னமும் புரியவில்லை. வீட்டில் அவளோடு சண்டை வந்தால் நான் பேசாமல் இருக்கிற நாட்களின் நீளம் அவளுக்குத்தான் தெரியும்.

எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் என் கைவசச் சரக்கு. யூதருக்கும் புறஜாதியாருக்கும் நடுவே நின்ற சுவரைக் கிறிஸ்து தகர்த்து இருதிறத்தாரையும் ஒன்றாக்கினார் என்பது அங்கே வருகிற போதனை. அது வெறும் உருவகம் இல்லை என்று இந்த இடத்தில் குரலை உயர்த்துவேன். எருசலேம் தேவாலயத்தின் வெளிப்பிராகாரத்தில் நிஜமாகவே ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. மூன்று முழ உயரம் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிவைத்திருக்கிறார். அதைத் தாண்டி அந்நியர் வரக்கூடாது என்று கிரேக்கத்தில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கல்வெட்டு ஒன்றை 1871-இல் கிளெர்மோன்-கன்னோ என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எருசலேமில் பவுலைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணமே, எபேசு பட்டணத்துக்காரனான துரோப்பீமுவை அவர் அந்த எல்லைக்குள் கூட்டி வந்துவிட்டார் என்று கிளம்பிய புரளிதான். இதைச் சொல்லும்போது சபையார் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் இஸ்தான்புல் போனதில்லை. கேட்பவர்களுக்கு அந்தக் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினேன் என்று தோன்றும்.

கல்வெட்டின் கடைசிப் பகுதியை மட்டும் எப்போதும் விட்டுவிடுவேன். மீறி நுழைந்து பிடிபடுகிறவனுடைய சாவுக்கு அவனே பொறுப்பு என்று அதில் இருக்கிறது. சுவரைக் கட்டியவர்களுக்கு அதில் சம்பந்தமில்லை. நேரமில்லை என்பதால் இதை விட்டுவிடுகிறேன் என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொறுப்பை இன்னொருவர் தலையில் இறக்கிவைப்பதற்கு உலக சபை வரலாற்றில் எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்த சபை, நற்கருணையில் நிறபேதம் கூடாது என்று 1829-இல் தெளிவாகத்தான் முடிவெடுத்தது. 1857-இல் கேப் சினாட் மறுபடி கூடியது. புதிதாக விசுவாசத்துக்கு வந்த கறுப்பர்கள் ஏற்கெனவே உள்ள சபைகளிலேயே சேருவதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கும் ஏற்றது என்றார்கள். ஆனால் சிலருடைய பலவீனத்தால் அது ஊழியத்துக்குத் தடையாகுமானால், அவர்களுக்குத் தனிக் கட்டடத்தில் ஆராதனை நடத்திக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். பலவீனர் யார் என்று தீர்மானத்தில் இல்லை. அந்தச் சின்ன வாசல் வழியாக 1881-இல் கலப்பினத்தாருக்கென்று தனிச் சபையே வந்தது. அடுத்த நூற்றாண்டில் இனஒதுக்கலுக்கு வேதவசனம் தேடிக்கொடுக்கிற இறையியலும் வந்து சேர்ந்தது. உலக சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு 1982-இல் ஒட்டாவாவில் கூடி அந்த இறையியலைக் கள்ள உபதேசம் என்று அறிவித்தது. அதே ஆண்டு, அந்தத் தனிச் சபைக்காரர்களே பெல்ஹார் என்ற இடத்தில் ஒற்றுமை, ஒப்புரவு, நீதி மூன்றையும் விசுவாச அறிக்கையாக எழுதினார்கள். 1986-இல் அதை முறைப்படி ஏற்றார்கள். இன்னொரு கறுப்பர் சபையோடு அவர்கள் இணைந்தது 1994-இல். ஒரு சினாட்டில் யாரோ சிலர் பலவீனமாக இருந்ததற்கு நூறு வருஷத்துக்கு மேல் வட்டி.

இந்த 1857 கதையை நான் சொல்லும்போது ‘சிலருடைய பலவீனம்’ என்ற இடத்தில் ஒரு நிறுத்து நிறுத்துவேன். சபை சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே இந்தக் கதையைச் சொல்கிறேன் என்றும் சொல்லலாம்.

அப்படித்தான் ஒரு கிளைச் சபைக்குப் போனோம். கருவேலங்காட்டைத் தாண்டி, தார் ரோடு முடிந்த பிறகும் கொஞ்சம் போகவேண்டும். எங்கள் சேகரத்தைச் சேர்ந்த சபைதான், ஆனால் எங்கள் சாதிக்காரர் ஒருவரும் அங்கே கிடையாது. (எந்தச் சாதி என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் உறவுக்காரர்கள் வருத்தப்படுவார்கள். பாருங்கள், இதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.) கூட வந்தவர் சேகரச் செயலர். எனக்குச் சித்தப்பா மகள் வீட்டுக்காரர், மச்சான் முறை. அன்றைக்கு எபேசியர் இரண்டு, கல்வெட்டு, துரோப்பீமு, கேப் சினாட் எல்லாம் இறக்கினேன். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினேன். சிரித்தார்கள். இப்போது யோசித்தால், எங்கள் ஊரில் சிரித்ததைவிட ஒரு நொடி தாமதமாகச் சிரித்ததாக ஞாபகம்.

ஆராதனை முடிந்ததும் ஆலயத்தை ஒட்டிய வீட்டில் சாப்பாடு. அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயசிருக்கும். வாழையிலை போட்டு, தண்ணீர் தெளித்து, வாசலில் வந்து நின்று, “ஐயா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்றார். உள்ளேயிருந்து மீன் குழம்பு கொதிக்கிற வாசம். எனக்கு நல்ல பசி. ஆனால் பக்கத்தில் மச்சான் நிற்கிறார். இவர் ஊரில் போய்ச் சொல்வார், சித்தி காதுக்குப் போகும், சித்தியிடமிருந்து அம்மாவுக்குப் போகும், அம்மா பழைய காலத்து மனுஷி, மனசு சங்கடப்படும். இவ்வளவும் ஒரு நொடியில் ஓடி முடிந்து வாய் தானாகத் திறந்தது. “இல்லம்மா, வயித்துல புண்ணு. வெளியில எங்கயும் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

அந்த அம்மா முகம் மாறவில்லை. “அதுக்கென்ன ஐயா” என்று பேரனைப் பார்த்தார். அவன் உள்ளே போய் ஒரு குளிர்பானப் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினான். மூடி திறக்காத பாட்டில். “வர்ற பெரியவங்க இதான் குடிப்பாங்க” என்றார் அவர். குத்தல் இல்லை, குறை இல்லை. விவரம் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு முன்னால் எத்தனை வயிற்றுப்புண்காரர்கள் அந்த வாசலில் நின்றிருந்தால் ஒரு வீட்டில் இப்படி முன்யோசனையாக வாங்கி வைத்திருப்பார்கள்? வயிற்றில் புண் என்றவன், காரம் இல்லாத சோற்றை விட்டுவிட்டு அந்தக் கரித்திராவகத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்ததை அந்தப் பையன் பார்த்துக்கொண்டே நின்றான்.

அதற்குள் மச்சான் என்ன செய்தார் தெரியுமா? கையைக் கழுவிவிட்டு இலையில் உட்கார்ந்துவிட்டார். எந்த மனிதருக்குப் பயந்து நான் அல்சரை வரவழைத்துக்கொண்டேனோ, அந்த மனிதர் குழம்பு ஊற்றி, துண்டு மீன் வாங்கி, மறுசோறும் கேட்டுவாங்கிச் சாப்பிட்டார். நான் திண்ணையில் காலிப் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தேன். வயிற்றுப்புண்ணை வாபஸ் வாங்க வழி இருக்கிறதா என்று யோசித்தேன். இருந்திருக்கும். “சரிம்மா, ஒரு நாள்தானே, வைங்க” என்றால் முடிந்தது. அவர் பலவீனர் இல்லை என்று கண்ணெதிரே தெரிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. மீதி இருந்த பலவீனன் யார் என்று கண்டுபிடிக்க வங்கிக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

திரும்பும்போது மச்சான் வண்டியை ஓட்டிக்கொண்டே, “பிரசங்கம் நல்லா இருந்துச்சு மச்சான். வயித்தப் பாத்துக்கிடுங்க” என்றார். அதோடு விட்டிருந்தால் தேவலை. எங்கள் உறவு வட்டாரம் முழுக்க என் வயிற்றைப் பற்றிச் சொல்லிவிட்டார். அன்றுமுதல் கல்யாண வீடுகளில் பிரியாணிப் பந்தியில் எனக்கு மட்டும் தயிர்ச்சாதம் வருகிறது. தேவநீதி என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு என்னிடம் இருக்கிற நேரடி ஆதாரம் இது ஒன்றுதான்.

ஆறுதலுக்குக் கலாத்தியர் நிருபத்தை எடுத்தேன். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்துப் பர்னபாவும் விலகினார். எல்லார் முன்னாலும் பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். பேதுருவே இப்படி என்றால் நான் எம்மாத்திரம் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். இதில் இரண்டு சிக்கல். பேதுரு முதலில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தார், பிறகுதான் எழுந்தார். நான் உட்காரவே இல்லை. இரண்டாவது, அவருக்கு வயிற்றுப்புண் இருந்ததாக நிருபத்தில் எங்கேயும் இல்லை. பயத்தால் விலகினார் என்று பவுல் பச்சையாக எழுதிவிட்டார். அப்படி எழுத எனக்கு ஒரு பவுல் வாய்க்காத குறைக்குத்தான் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிரசங்கத்தில் நான் விரும்பிச் சொல்லும் இன்னொன்று வடக்கன்குளம். எங்கள் பக்கத்து ஊர்தான். தேவசகாயம் பிள்ளை 1745-இல் திருமுழுக்குப் பெற்ற ஊர். 2022-இல் அவர் புனிதர் ஆனார். அங்கே ஒரு காலத்தில் பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரிகிற அமைப்பில் கோயில் கட்டி, நடுவில் சுவர் வைத்து, சாதிக்கு ஒரு பக்கமாகச் சனங்களை உட்காரவைத்தார்கள். இந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு அந்தப் பக்கத்தவர் தெரியாது, பீடம் மட்டும் இருவருக்கும் தெரியும். கோசனேல் சுவாமி என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு 1910-இல் சுவரை இடித்தார். மேல்சாதியார் எங்கள் உரிமை போயிற்று என்று வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. கிறிஸ்து இடித்ததாகப் பவுல் சொன்ன சுவரைத் திரும்பக் கட்டித்தரச் சொல்லிக் கிறிஸ்தவர்களே நீதிமன்றம் போன கதை. இதைவிட ஒரு பிரசங்கிக்கு என்ன வேண்டும்!

ஆனால் நான் சொல்கிற விதத்தில் ஒரு விஷமம் உண்டு. அதைக் கத்தோலிக்கரின் கதையாகத்தான் சொல்வேன். ‘அவர்களிடம் அப்படி இருந்தது’ என்பேன். ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டே பக்கத்துச் சபையை ஒரு இடி இடிப்பதில் உள்ள சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் முன்னோர் கதையை அதே மூச்சில் சொல்வதில்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் நமது சபைகளில் சாதி வேறுபாட்டை அறவே விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, இருக்கையும் நற்கருணையும் கலந்துபோகும் என்று தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கொதித்தெழுந்தவர்கள் கத்தோலிக்கர் அல்ல, நம்மவர்கள். எதிர்ப்புக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவர், நாம் இன்றும் கண்மூடிக் கீர்த்தனை பாடுகிற வேதநாயகம் சாஸ்திரியார். இதைச் சொன்னால் பாடகர் குழு சங்கடப்படும் என்று விட்டுவிடுவேன். பாடகர் குழுவின் பலவீனம்!

அசரியா பேராயர் கதையும் அப்படித்தான். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர், 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிகன் பேராயர் ஆனவர், எங்கள் சீமைக்காரர். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னால் எழுந்து, பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நண்பர்களாக மட்டும் இருக்கமாட்டேன் என்கிறீர்களே என்ற பொருளில் கேட்டார். வெள்ளைக்காரன் நம்மோடு ஒட்டவில்லை என்று நான் சொல்லும்போது தொண்டை அடைக்கும். நிஜமாகவே அடைக்கும், நடிப்பில்லை. அந்தத் தொண்டைதான் அன்றைக்கு அந்தக் குளிர்பானத்தையும் இறக்கியது.

அசரியாவும் மற்றவர்களும் 1919-இல் தரங்கம்பாடியில் கூடி, சபைகள் இப்படிப் பிரிந்து கிடப்பது போதும் என்று தொடங்கிய பேச்சுவார்த்தை 1947 செப்டம்பர் 27-இல் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் ஒன்று. அசரியா அதைப் பார்க்க இல்லை. 1945 புத்தாண்டு அன்று இறந்துவிட்டார். அந்தப் புதிய திருச்சபை 1950-இல் வகுத்த நற்கருணை ஒழுங்கில் ஓர் அழகான வழக்கத்தைச் சேர்த்தார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. பீடத்தில் தொடங்கி, ஒருவர் கையை இன்னொருவர் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, சமாதானத்தை ஆள்மாற்றி ஆளாகக் கடைசி வரிசைவரை அனுப்பவேண்டும். வாயால் சொல்வது போதாது, தொடவேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள். என்னைப் போன்றவர்கள் எதிர்காலத்தில் உறுப்பினராவார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

எனக்கும் பெரியப்பா மகனான அண்ணனுக்கும் ஒரு பனைவிளையின் வேலி விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லை. அவர் ஆலயத்தில் எங்கே உட்காருகிறார் என்று வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே போவேன். சமாதானம் எந்த வரிசையிலிருந்து எந்த வரிசைக்கு இறங்கும், யார் கையிலிருந்து யாருக்கு வரும் என்று கணக்குப் போடுவதில் நான் தேர்ந்தவன். கணக்குத் தவறிவிட்டால் கீர்த்தனைப் புத்தகம் கீழே விழும். அண்ணன் முன்கோபக்காரர், நான் கைநீட்டி அவர் உதறிவிட்டால் ஆராதனை கெட்டுப்போகும், அதனால்தான் விலகியிருக்கிறேன் என்பது நான் மனைவிக்குச் சொல்லும் விளக்கம். அவர் உதறுவாரா என்று பார்க்க ஒருமுறையும் நீட்டியதில்லை. கொரோனா வந்து தொடுவதையே நிறுத்தி எல்லாரும் கும்பிடு போட ஆரம்பித்தபோது, நோய்க்கு எதிராக ஜெபித்துக்கொண்டே அந்த ஏற்பாட்டுக்கு மட்டும் ரகசியமாக நன்றி சொன்னேன்.

காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகிவிட்டு வா என்பது மலைப்பிரசங்கத்தின் உத்தரவு. அதற்கும் வழி கண்டுவிட்டேன். இப்போது காணிக்கையை வீட்டிலிருந்தே ஜிபேயில் அனுப்பிவிடுகிறேன். பீடத்துக்கு முன்னால் போனால்தானே நினைவு வரும்.

கடைசியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2008-இல் ஏறையூரில் தனி ஆலயப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதலாகி, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தபோது, சபைப் பத்திரிகையில் சூடாகக் கட்டுரை எழுதியவன் நான். அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருந்தாள் என் அக்கா. அவள் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் அதே எழுத்துத் திறமையைத் தேடி வந்தாள். “நீதான் நல்லா எழுதுவியே, பேப்பருக்கு ஒரு மூணு வரி எழுதிக் கொடுலே.” முதலில் சாதியைப் போடாமல்தான் எழுதினேன், அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். படிப்பு, உயரம், சி.எஸ்.ஐ., தேவபக்தியுள்ள மணமகன் தேவை. அக்கா படித்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை வாங்கிச் சாதியைச் சேர்த்தேன். உட்பிரிவையும் போட்டால் நல்லது என்றாள், போட்டேன். நாலாவது வரிக்குப் போய்விட்டது. கூடுதல் கட்டணம். எதை வெட்டலாம் என்று இருவரும் யோசித்தோம். “தேவபக்தியுள்ள” என்ற வார்த்தையை வெட்டினால் மூன்று வரிக்குள் அடங்கியது. வெட்டினேன்.

கிறிஸ்தவனாகிவிட்டால் சாதி போய்விடும் என்று இந்த நாட்டில் மனப்பூர்வமாக நம்புவது பட்டியல் சாதிகள் பற்றிய 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்றுதான். அதை நம்பித்தான் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லை என்கிறது. அந்த மீன் குழம்பு வீட்டுப் பையனுக்கு அந்த ஆணையின் கணக்கில் சாதி இல்லை. என் கணக்கில் உண்டு என்பதை அவன் நீட்டிய பாட்டிலிலேயே தெரிந்துகொண்டிருப்பான்.

விளம்பரம் அக்காவுக்காகத்தான், அவள் வருத்தப்படக்கூடாதே என்றுதான் என்று எழுத வந்தேன். வேண்டாம். ஒன்று மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வீட்டில் யாருக்காவது வரன் பார்த்தால், எழுதத் தெரிந்தவன் என்று என்னிடம் அனுப்பாதீர்கள். வந்தால் மறுக்கமாட்டேன். மூன்று வரிக்குள் அடக்கியும் கொடுத்துவிடுவேன்.